கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே!

திறந்த உரிமம்: நம் படைப்பை நாமே ஊருக்குத் தரும் வழி

(பொது நூலகம் ஒன்றில் ஆசிரியர்களும் மாணவர்களும் வாசகர் வட்டத்தினரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். படிப்பவர்களுக்காகச் சில இடங்களில் விரித்து எழுதப்பட்டுள்ளது.)



ஒரு தப்பில் இருந்து ஆரம்பிக்கிறேன். வேறு யாருடையதும் இல்லை, நான் செய்த தப்புதான்.

இதழியல் படித்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் வகுப்பில் மாணவர்களே சேர்ந்து ஒரு லேப் ஜர்னல் கொண்டுவருவோம். அந்த மாதம் கிராமியக் கலைகள் பற்றிச் சிறப்பிதழ். கட்டுரை தயார், லேஅவுட் தயார், முதல் பக்கத்துக்குப் படம் மட்டும் இல்லை. ராத்திரி பத்து மணி. இணையத்தில் தேடினேன். கரகாட்டக் கலைஞர் ஒருவர் ஆடும் அருமையான படம் கிடைத்தது. எடுத்துப் போட்டுவிட்டேன். மூலையில் ஸ்டுடியோ பெயர் சின்னதாக இருந்தது. லேஅவுட்டுக்குச் சரியாக வரவில்லை என்று அதையும் வெட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு போன். ஒரு சின்ன ஊரில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். எங்கள் இதழின் படத்தை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேம்மா. காலேஜ் பிள்ளைங்களுக்கு இல்லேன்னா சொல்லப் போறேன்? பேரையாவது போட்டிருக்கலாமே" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அடுத்த இதழில் அவர் பெயரைப் போட்டுத் திருத்தமும் வெளியிட்டோம். ஆனாலும் அந்த வாக்கியம் மனதை விட்டுப் போகவே இல்லை. அவருக்குக் கொடுக்க மனம் இருந்தது. எனக்குத் தேவை இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரிதான் இல்லை. "என் பெயரைப் போட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருந்தால், ராத்திரி பத்து மணிக்கு நான் யாரையும் கேட்க வேண்டியிருந்திருக்காது. அவருக்கும் மனம் நொந்திருக்காது.

அந்த ஒரு வரிக்குப் பெயர்தான் திறந்த உரிமம். இன்று உங்களோடு பேச வந்தது அதைப் பற்றித்தான்.

எதுவும் எழுதாவிட்டால் என்ன அர்த்தம்?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினுடையது. அதன்படி நீங்கள் ஒரு கதை எழுதினாலும், படம் வரைந்தாலும், மொபைலில் ஒரு போட்டோ எடுத்தாலும், அந்த நிமிடமே அதற்கு உரிமை உண்டாகிவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. வட்டத்துக்குள் போட்ட அந்த 'சி' குறியும் கட்டாயம் இல்லை.

நம்மில் பலர் நினைப்பது இதற்கு நேர்மாறு. "எந்த எச்சரிக்கையும் போடலையே, அப்ப யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்தானே?" என்று கேட்கிறோம். இல்லைங்க. ஒன்றும் எழுதாவிட்டால் எல்லா உரிமையும் படைத்தவருக்கே என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. திறப்பதற்குத்தான் நாம் ஏதாவது செய்ய வேண்டும்.

எவ்வளவு காலத்துக்கு? எழுத்துக்கும் இசைக்கும் ஓவியத்துக்கும் படைத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியில் இருந்து 60 ஆண்டுகளும். 1965-இல் மறைந்த ஒருவரின் நூல் 2026 ஜனவரியில்தான் பொதுவுக்கு வந்தது. முன்பு இது 50 ஆண்டுகளாக இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் எழுத்துகளுக்கான உரிமை முடியும் தறுவாயில் எழுந்த கோரிக்கையை ஒட்டி 1992-இல் 60 ஆக்கினார்கள்.

இதை நம் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். இருபத்தைந்து வயது ஆசிரியை ஒருவர் இன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு பாட்டு எழுதுகிறார். அவர் எண்பது வயது வரை வாழ்ந்தால், அந்தப் பாட்டு பூட்டில் இருக்கும் காலம் நூறு ஆண்டுக்கு மேல். அவர் பூட்டச் சொல்லவே இல்லை. பாட்டை எல்லாப் பிள்ளைகளும் பாட வேண்டும் என்றுதான் எழுதினார்.

வகுப்பறைக்குள் சட்டமே சில கதவுகளைத் திறந்துவைத்திருக்கிறது. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுக்கலாம். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப்பகுதிகளை ஜெராக்ஸ் எடுத்துத் தொகுத்துக் கொடுத்தது தொடர்பான வழக்கில், 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த விதிவிலக்கை விரிவாகவே விளக்கியது. ஆண்டுவிழாவில் மாணவர்கள் பாடுவதற்கும் நடிப்பதற்கும், பார்ப்பவர்கள் பள்ளிக்காரர்களும் பெற்றோரும் என்றால், விலக்கு உண்டு. பார்வையற்றோர் உள்ளிட்ட மாற்றுத் திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு ஒரு நூலை லாப நோக்கின்றி மாற்றித் தருவதற்கும் 2012-இல் வந்த திருத்தம் வழி செய்திருக்கிறது. பார்வையற்றோருக்கான மாரகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடும் இந்தியாதான்.

சிக்கல் வகுப்பறைக் கதவைத் தாண்டும்போது வருகிறது. திருத்தி எழுத வேண்டும், மொழிபெயர்க்க வேண்டும், அச்சிட்டுப் பக்கத்து மாவட்டத்துக்குக் கொடுக்க வேண்டும், இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றால், அங்கே அனுமதி தேவை.

பாரதி பாட்டு யாருக்குச் சொந்தம்?

"இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்" என்று தோன்றலாம். ஆனால் ஒரு கவிஞரின் எழுத்தை மக்களுக்கே கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணில் எப்போதோ செயலுக்கு வந்துவிட்டது.

பாரதியார் 1921-இல் மறைந்தார். அன்றைய சட்டப்படி அவர் எழுத்துகளின் உரிமை 1971 வரை இருந்திருக்கும். பாடல்களை இசைத்தட்டாகவும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி, கடைசியில் ஏவி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. 1940-களின் இறுதியில் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்க்க, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஊரெல்லாம் பாடிய கவிஞரின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் பொதுவில் விட வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள்.

1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையைப் பெற்றது. மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். பாரதியின் குடும்பத்தாருக்கு அரசு தொகை வழங்கியது. 1955-இல் அவை முழுமையாக மக்களுக்கு விடப்பட்டன. இந்த வரலாற்றைப் பேராசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

அன்று தொடங்கிய வழிதான் இன்று நாம் சொல்லும் நாட்டுடைமை. தமிழ் வளர்ச்சித் துறை மூலமாக 150-க்கும் மேற்பட்ட அறிஞர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டிருக்கின்றன. மரபுரிமையருக்குத் தொகை தரப்படுகிறது, நூல் பொதுவுக்கு வருகிறது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆன பிறகு 'பொன்னியின் செல்வன்' எத்தனை பதிப்பகங்களிடமிருந்து, எத்தனை விலைகளில் வந்தது என்று புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். மலிவுப் பதிப்பை வாங்கிப் படித்த கல்லூரிப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

இதில் இன்னொரு படியும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஒத்துழைப்போடு 2,000-க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தன. "யாரும், எதற்கும், கேட்காமலே பயன்படுத்தலாம்" என்ற பொருள் தரும் 'சி.சி. 0' என்னும் அறிவிப்போடு வந்தன. வெறும் படமாக இருந்த பக்கங்களைத் தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்த்துத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றி வருகிறார்கள். நாட்டுடைமை ஆனது சரி, யார் என்ன செய்யலாம் என்று தெளிவாக எழுதிவைத்த அந்த ஒரு வரிதான் அவர்களுக்குத் தயக்கமில்லாமல் வேலை செய்யும் தைரியத்தைக் கொடுத்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாட்டுடைமையை அரசுதான் செய்ய முடியும். அதுவும் பெரும்பாலும் எழுதியவர் மறைந்த பிறகு, பெயர் பெற்ற அறிஞர்களுக்கு. இரண்டாம் வகுப்பு ஆசிரியையின் பாட்டுக்கோ, சின்ன ஊர் ஸ்டுடியோக்காரரின் படத்துக்கோ அது வரப்போவதில்லை. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அரசாணைக்குக் காத்திராமல், தாங்களே எழுதிக்கொடுக்கக்கூடிய சின்ன நாட்டுடைமை என்று திறந்த உரிமத்தை நினைத்துக்கொள்ளலாம்.

இலவசம் வேறு, அனுமதி வேறு

இணையத்தில் ஒரு நூலைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ள முடிகிறது என்றால், அது இலவசம். அவ்வளவுதான். அதைத் திருத்தலாமா, மொழிபெயர்க்கலாமா, அச்சடித்துக் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் இருப்பதால் அவர்களுக்கு இந்தக் குழப்பம் இயல்பு. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தம் மென்பொருள் இயக்கத்தை ஆரம்பித்த காலத்தில் இருந்தே இதை விளக்கிக்கொண்டிருக்கிறார். தமிழில் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'இலவசம்' தனி, 'கட்டற்ற' தனி. சொல் இரண்டாக இருந்தும் நடைமுறையில் நாம் ஒன்றாக்கிவிடுகிறோம்.

மென்பொருளில் தொடங்கிய இந்த எண்ணம் கலைக்கும் கல்விக்கும் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1998-இல் பதிப்புரிமைக் காலத்தை மேலும் 20 ஆண்டுகள் நீட்டினார்கள். பழைய நூல்களை இணையத்தில் ஏற்றிவந்த எரிக் எல்ட்ரெட் என்பவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் லாரன்ஸ் லெசிக் என்ற சட்டப் பேராசிரியர். 2003-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனால் வழக்கு நடக்கும்போதே வேறொரு பாதையும் போட்டுவிட்டார்கள். சட்டத்தை மாற்ற முடியாவிட்டால் என்ன, கொடுக்க விரும்புகிறவர் எளிதாகக் கொடுக்க ஒரு வழி செய்வோம் என்று 2001-இல் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' அமைப்பைத் தொடங்கினார்கள். 2002 டிசம்பரில் முதல் உரிமங்கள் வந்தன. இப்போது பெரும்பாலும் பயன்படுவது 2013-இல் வந்த 4.0 பதிப்பு.

இன்று விக்கிப்பீடியா இந்த உரிமத்தில்தான் இயங்குகிறது. தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படியே. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் உள்ள குழந்தைக் கதைகளை நீங்கள் யாரையும் கேட்காமல் தமிழுக்கு மாற்றலாம், அச்சிடலாம். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்த கல்வி வளங்களின் களஞ்சியமும் இதே வகை உரிமத்தையே எடுத்துக்கொண்டது. 2019-இல் யுனெஸ்கோ, திறந்த கல்வி வளங்களை ஊக்குவிக்க உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரையே வெளியிட்டது.

நான்கு நிபந்தனைகள், நம் விருப்பம்

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்டால் நம் உரிமை போய்விடாது. படைப்பு நம்முடையதுதான். நாம் ஊருக்கு ஒரு நிரந்தர அனுமதிக் கடிதம் கொடுக்கிறோம். அந்தக் கடிதத்தில் நான்கு நிபந்தனைகளில் இருந்து நமக்கு வேண்டியதைச் சேர்க்கலாம்.

ஒன்று, பெயர் சொல்ல வேண்டும். இதுதான் 'பி.ஒய்.' என்பது. ஆறு உரிமங்களிலும் இது உண்டு.

இரண்டு, திருத்தி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் ஊருக்குத் தர வேண்டும். இது 'எஸ்.ஏ.'

மூன்று, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இது 'என்.சி.'

நான்கு, மாற்றி வெளியிடக் கூடாது, உள்ளது உள்ளபடி மட்டும் பகிரலாம். இது 'என்.டி.' இதைப் போட்டால் மொழிபெயர்ப்பை வெளியிடவும் வழியில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

எந்த நிபந்தனையும் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் முன்பு சொன்ன 'சி.சி. 0.'

சித்தியின் அட்டைகள்

இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? இதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

என் சித்தி ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. எழுத்துக்கு ஒரு படம் என்று அட்டைகள் வரைவார். பள்ளி முடிந்து, சமையல் முடிந்து, ராத்திரி உட்கார்ந்து வரைந்தவை. ஒருமுறை அவற்றைப் போட்டோ எடுத்து ஆசிரியர் குழு ஒன்றில் போட்டார். குழு குழுவாகப் பரவியது. சித்திக்கு ஒரே சந்தோஷம். ஒரு மாதம் கழித்து அதே அட்டைகள் அவருக்கே பார்வர்டாக வந்தன. கீழே இருந்த பெயரைக் காணோம். கொஞ்சம் முகம் வாடியது. அப்புறம் ஒருநாள் கடை ஒன்றில் அவை சின்னப் புத்தகமாகவே விற்பனைக்குத் தொங்கின.

"காசு வேண்டாம்டி எனக்கு. ஆனா நான் கண்ணு எரிய வரைஞ்சதை இன்னொருத்தர் பேர்ல விக்கிறாங்களே" என்று அழுதுவிட்டார். இனிமேல் எதையும் அனுப்ப மாட்டேன் என்று முடிவும் செய்தார். எனக்கு அந்த அழுகையைவிட இந்த முடிவுதான் கவலையாக இருந்தது. நல்ல மனதோடு பகிர்ந்த ஒருவர் கையை இறுக்கிக்கொண்டால், நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

திறந்த உரிமம் போட்டிருந்தால் அந்த ஆளைத் தடுத்திருக்குமா? உண்மையைச் சொல்கிறேன், தடுத்திருக்காது. பெயரை வெட்டுகிறவர் எந்த வரியையும் வெட்டுவார். சட்டம் சித்தியின் பக்கம்தான் இருக்கிறது. பெயரைக் கோரும் உரிமை படைத்தவருக்கு எப்போதும் உண்டு. ஆனால் அந்த வரி உதவுவது நேர்மையானவர்களுக்கு. "எடுத்துக்கலாமா, கூடாதா" என்று தயங்கும் நூறு ஆசிரியர்களுக்கு அது வழி சொல்கிறது. தவறு நடந்தால் கேட்பதற்கு நமக்கும் எழுத்தில் ஒரு ஆதாரம் இருக்கிறது.

இதைச் சொன்னதும் சித்தி முதலில் கேட்டது வணிகத் தடை. 'என்.சி.' போடு என்றார். நியாயம்தான். பிறகு உட்கார்ந்து பேசினோம். ஊரில் ஒரு அச்சகக்காரர் தாள் செலவோடு இரண்டு ரூபாய் சேர்த்து விற்றால் அது வணிகமா? கட்டணம் வாங்கும் டியூஷன் அக்கா பயன்படுத்தினால்? ஒவ்வொருவருக்கும் சந்தேகம் வரும், ஒவ்வொருவரும் போன் செய்வார்கள். விக்கிப்பீடியா போன்ற இடங்களும் வணிகத் தடை உள்ளவற்றை ஏற்பதில்லை. "சரி, அச்சகக்காரரும் பொழைக்கட்டும். என் பேர் இருக்கணும். திருத்தினா திருத்தினதையும் எல்லாருக்கும் தரணும்" என்றார் சித்தி. அதாவது 'பி.ஒய்.-எஸ்.ஏ.' நீங்கள் வேறு முடிவு எடுக்கலாம். அது உங்கள் படைப்பு.

பள்ளி வேலையோடு தொடர்புள்ளது என்பதால் தலைமையாசிரியையிடமும் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு அட்டையின் நடுவிலும் படத்தோடு ஒட்டியே, வெட்ட முடியாத இடத்தில், பெயரையும் உரிமத்தையும் எழுதினார்.

சில மாதம் கழித்து மலைப்பகுதிப் பள்ளி ஆசிரியை ஒருவரிடமிருந்து ஒரு செய்தி. "டீச்சர், 'க'வுக்குக் கப்பல் போட்டிருக்கீங்க. எங்க பிள்ளைங்க கப்பல் பார்த்ததில்லை. கரடின்னா ஊரே கதை சொல்லும். அதான் மாத்தி வரைஞ்சிருக்கேன். 'ப'வுக்குப் படகை எடுத்துட்டுப் பலாப்பழம் போட்டுட்டேன். உங்க பேரும் போட்டிருக்கேன், என் பேரும் போட்டிருக்கேன். சரிதானே?" கூடவே திருத்திய அட்டைகள் அத்தனையும்.

சித்தி அந்தக் கரடியை அச்செடுத்துத் தன் வகுப்பிலும் மாட்டியிருக்கிறார். கப்பலுக்குப் பக்கத்திலேயே.

கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டியவை

உங்களை உற்சாகப்படுத்திவிட்டு மட்டும் போகக் கூடாது. சில எச்சரிக்கைகளும் உண்டு.

கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. நாளைக்கு மனம் மாறினால் புதிதாக வெளியிடுவதை நிறுத்தலாம். முன்பே எடுத்தவருக்கு அந்த அனுமதி தொடரும். ஆகவே நிதானமாக முடிவெடுங்கள்.

நம்முடையதை மட்டும்தான் கொடுக்க முடியும். வேலை நிமித்தம் செய்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், பொதுவாக நிறுவனம்தான் உரிமையாளர். அரசுப் பணிக்காகச் செய்ததற்கு அரசு உரிமையாளர். நான் அலுவலகத்தில் எழுதும் கட்டுரைகளுக்கு நானாக உரிமம் தர முடியாது. ஆசிரியர்கள் முதலில் தங்கள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அரசு வெளியிட்டது எல்லாம் தானாகப் பொதுச் சொத்து என்று நினைக்க வேண்டாம். அரசிதழில் வந்த செய்திகள், நீதிமன்றத் தீர்ப்புகள் போன்றவற்றை மறுபதிப்பு செய்யச் சட்டமே விலக்கு தருகிறது. திறந்த தரவுகளுக்கு மத்திய அரசு 2017-இல் தனி உரிமமே அறிவித்தது. மற்ற வெளியீடுகளுக்கு அந்தந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு விழிப்புணர்வுப் படத்தை ஊராட்சிச் சுவரில் வரைய விரும்பும் ஓவியருக்குத் தயக்கமே வரக் கூடாது. அந்த ஒரு வரியை எழுதிவைக்கும் பழக்கம் எங்களைப் போன்ற உள்ளடக்கம் தயாரிப்பவர்களிடமும் வளர வேண்டும். இதை எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நாட்டுடைமை நூலிலும் கவனம் வேண்டும். மூலம் பொதுவுக்கு வந்திருக்கும். இன்றைய பதிப்பின் அட்டை ஓவியம், முன்னுரை, உரைக்குறிப்பு அப்படி அல்ல. பாரதியின் சொற்கள் எல்லோருக்கும் சொந்தம். சினிமாவில் அதற்குப் போட்ட மெட்டும் ஒலிப்பதிவும் வேறு கதை. நம் பிள்ளைகள் சொந்த மெட்டில் பாடி ஏற்றினால் பிரச்சினையே இல்லை.

கடைசியாக, கலைஞர்கள். பறையும் கரகமும் தெருக்கூத்தும் ஊர்ப் பொது மரபு என்று சொல்லி, ஆடுகிறவரைக் கேட்காமல் வீடியோ எடுத்து ஏற்றுகிறோம். மரபு பொதுவாக இருக்கலாம். அன்று அவர் வியர்வை சிந்தி ஆடியது அவருடையது. நிகழ்த்துக் கலைஞருக்கு நம் சட்டத்தில் 50 ஆண்டு உரிமை உண்டு. கட்டற்ற பண்பாடு என்ற பெயரில் கூலியும் பெயரும் இல்லாமல் எடுத்துக்கொண்டால், அதற்குப் பகிர்வு என்று பெயர் இல்லை. கொடுக்கிற கையும் படைத்தவருடையதாக இருக்க வேண்டும். குழந்தைகள் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோர் சம்மதமும் அவசியம்.

நாளைக்கே என்ன செய்யலாம்?

உங்கள் மொபைலிலோ நோட்டிலோ பீரோவிலோ இருக்கும் ஒன்றை எடுங்கள். ஒரு பாடத்திட்டக் குறிப்பு, பாட்டி சொன்ன கதையை நீங்கள் உங்கள் நடையில் எழுதியது, ஊர்த் திருவிழாப் படம், எதுவாகவும் இருக்கலாம். கீழே இப்படி எழுதுங்கள்:

"இதைப் படைத்தவர்: (உங்கள் பெயர்). கிரியேட்டிவ் காமன்ஸ் பி.ஒய்.-எஸ்.ஏ. 4.0 உரிமத்தில் பகிரப்படுகிறது. என் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம், திருத்தலாம். திருத்தியதையும் இதே உரிமத்தில் பகிரவும்."

அவ்வளவுதான். கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை. உரிமத்தின் இணைப்பையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

பிறர் படைப்பை எடுக்கும்போது நான்கு விவரங்களை எழுதுங்கள். தலைப்பு, படைத்தவர் பெயர், எடுத்த இடம், உரிமம். நீங்கள் மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்லுங்கள். உரிமம் எதுவும் தெரியவில்லை என்றால், எடுக்காமல் கேளுங்கள். நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

இந்தக் கூட்டத்துக்கு வருவதற்கு முன் அந்த ஸ்டுடியோக்காரருக்குப் போன் செய்தேன். உங்கள் கதையைச் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். இந்த உரிமம் பற்றியும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கல்யாணப் படத்துக்கெல்லாம் வேண்டாம்மா, அது அவங்க வீட்டு விஷயம், என் பொழப்பும்கூட. திருவிழாப் படம் நிறைய இருக்கு. ஆடினவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அதுக்குப் போட்டுடறேன்" என்றார்.

நான் இவ்வளவு நேரம் பேசியதை அவர் ஒரே நிமிடத்தில் சரியாகப் பிரித்துச் சொல்லிவிட்டார். எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது, யாரைக் கேட்பது என்று. பிறகு கேட்டார்: "அந்த வரியை எப்படி எழுதணும்னு மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பிடும்மா."

அனுப்பிவிட்டேன். மேலே உள்ளது அதே வரிதான். நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.